எடை போட்டார்கள், சீட்டுத் தரவில்லை: எங்கள் ஊருக்கு வந்த ஒருநாள் கலந்தாய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட்டைப் போலத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரங்களில் இயங்கும் குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் ஆலய மகளிர் குழுக்களுக்கும் அண்மைக் காலமாக ஓர் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் நீடித்த மேம்பாட்டு இலக்குகளில் நாடு எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்னும் மீளாய்வுக்குப் பொது இயக்கங்களின் சார்பில் கருத்துத் திரட்டும் ஒருநாள் கலந்தாய்வை உங்கள் ஊருக்கே வந்து நடத்தித் தருகிறோம் என்று தலைநகரிலுள்ள ஓர் அமைப்பு சொல்கிறது. கலந்துகொள்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. மண்டபமும் மதிய உணவும் மட்டும் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. எங்கள் சங்கம் அவர்களை அழைத்தது. செயலாளர் என்ற முறையில் முதல் மின்னஞ்சலிலிருந்து கடைசி மின்னஞ்சல் வரை எல்லாவற்றையும் பார்த்தவன் நான். இப்போது பீடோரிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் "கூப்பிடலாமா அண்ணே?" என்று கேட்டுத் தொலைபேசி வருவதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை அமர்வு சுமார், பிற்பகல் அமர்வு நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்தையும்விட மேல், அதற்குப் பிந்திய ஏழு மாதங்கள் பெருத்த ஏமாற்றம்.

இந்தச் சேவை எதற்காக என்பதைச் சற்று விளக்க வேண்டும். 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை 17 இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 குறிக்கோள்களையும் ஏற்றுக்கொண்டபோது, அந்தத் தீர்மானத்திலேயே மீளாய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார்கள். அதன் 74ஆம் பத்தி, மீளாய்வு எல்லா மக்களுக்கும் திறந்ததாகவும், அனைவரையும் உள்ளடக்கியதாகவும், பங்கேற்புக்கு இடமளிப்பதாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 79ஆம் பத்தி, நாட்டளவிலும் அதற்குக் கீழுள்ள மட்டங்களிலும் நடக்கும் மீளாய்வுகளுக்குப் பழங்குடி மக்கள், பொது இயக்கங்கள், தனியார் துறை முதலியோரின் பங்களிப்பைப் பெற வேண்டும் என்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் நியூயார்க்கில் கூடும் உயர்மட்ட அரசியல் மன்றத்தில் நாடுகள் தாமாக முன்வந்து தங்கள் அறிக்கையைப் படிக்கின்றன. மலேசியா 2017, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் படித்திருக்கிறது. அறிக்கை அரசாங்கத்தினுடையது என்பதில் குழப்பம் வேண்டாம். பொது இயக்கங்கள் அதற்குள் தங்கள் கருத்தைச் சேர்க்க முயல்கின்றன, அல்லது தனியாக ஒரு தொகுப்பை எழுதுகின்றன. மன்றத்தில் நாடு படித்து முடித்த பிறகு அவர்களின் சார்பில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்கள்தாம் கிடைக்கும். அந்த ஓரிரு நிமிடங்களுக்குள் எங்கள் லயத்துத் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தண்ணீர்க் குழாய் நுழையுமா என்பதுதான் நாங்கள் மண்டபத்துக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) வாடகை கட்டியதன் பின்னால் இருந்த கேள்வி.

நாள் குறித்ததிலேயே கோளாறு தொடங்கிவிட்டது. புதன்கிழமை காலை 10 மணிக்கு வைத்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் நாள் கூலிக்கு வேலை செய்பவருக்குப் புதன்கிழமை விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று இரண்டு முறை எழுதினேன். வழிநடத்துநர்களுக்கு வார இறுதி ஓய்வு என்று பதில் வந்தது. ஆகவே வந்து அமர்ந்த 46 பேரில் ஓய்வு பெற்றவர்கள், ஆலயத் தலைவர்கள், ஓர் இளைஞர் மணிமன்றப் பொறுப்பாளர், என்னைப் போன்ற சங்கத்துக்காரர்கள் ஆகியோரே பாதிக்கு மேல். அப்போதும் தோட்ட வேலையில் இருந்தவர்கள் ஒன்பது பேர், அவர்களில் ஆறு பேர் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்கள். மருத்துவ விடுப்புக் கேட்டு வந்ததாக அவர்களில் ஒருவர் பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது இங்கே குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். அவர்களில் ஒருவர்கூட மண்டபத்தில் இல்லை. இதற்கு அந்த அமைப்பை மட்டும் குறைகூற முடியாது. அழைப்பிதழை வீடு வீடாகக் கொடுத்தது நாங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூட்டாகத் தங்கும் கோங்சி வீட்டின் பக்கம் எங்கள் கால் போகவில்லை. "யாரையும் விட்டுவிடாமல்" என்று மேடையில் துணிப்பதாகை கட்டியிருந்தார்கள். அதைக் கட்ட ஏணி கொடுத்தவனும் நான்தான்.

காலை அமர்வு முழுவதும் திரையில் ஸ்லைடு காட்டுவதிலேயே போயிற்று. விளக்கம் மலாயில், சொற்கள் பாதி ஆங்கிலத்தில், கையேடு முழுக்க ஆங்கிலத்தில். பதினேழு வண்ணச் சதுரங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் 1992இல் ரியோ மாநாடு வகுத்த ஒன்பது முக்கியக் குழுக்கள், ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம், குறியீடுகளின் வகைகள் என்று ஒன்றரை மணி நேரம் கேட்ட பிறகு, பின் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் கைத்தடியின் மேல் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டார். அந்த ஒன்பது குழுக்களில் தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் ஒன்று, பெண்கள் ஒன்று, இளையோர் ஒன்று என்பதைச் சொல்லி, "நீங்கள் இந்த வழியாக உள்ளே வரலாம்" என்று எங்களுக்குக் காட்டியிருந்தால் அவரே எழுந்து உட்கார்ந்திருப்பார். தகவல் சரியாகத்தான் இருந்தது. அது யாருக்கு எதற்குப் பயன்படும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

பிறகு ஸ்டிக்கர் பயிற்சி. ஒவ்வொருவருக்கும் காசளவில் மூன்று சிவப்பு வட்டங்கள் கொடுத்து, சுவரில் ஒட்டியிருந்த பதினேழு சதுரங்களில் உங்களுக்கு முக்கியமான மூன்றில் ஒட்டுங்கள் என்றார்கள். மருந்தடிக்கும் பெண்களில் மூத்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவருடைய லயத்தில் தண்ணீர் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து ஐந்தரைக்கு நின்றுவிடும். அதைப் பிடிப்பதற்காக எழுந்தால்தான் பிரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் காலைக் கூட்டம்) முன் சமைக்க முடியும். பிடிக்கத் தவறினால் மருந்தடித்துவிட்டு வந்து குளிக்கத் தண்ணீர் இருக்காது. இது ஆறாவது இலக்கான தண்ணீரா, மூன்றாவதான நலவாழ்வா, ஐந்தாவதான பெண்களின் நிலையா, எட்டாவதான கண்ணியமான வேலையா என்று அந்த இளம் வழிநடத்துநரிடம் அவர் கேட்டார். "அக்கா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றார் அவர். அந்த அம்மா ஒரு வட்டத்தைத் தோலுரித்து, நகத்தால் நான்காகக் கிழித்து, நான்கு சதுரங்களிலும் ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். உணவு வேளையில் வழிநடத்துநர்கள் சுவரைப் படம் பிடித்து எண்ணியபோது முழு வட்டங்களை மட்டும் எண்ணினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; கிழிந்த துண்டுகள் தவறுதலாக ஒட்டப்பட்டவை என்று கருதிவிட்டார்கள்.

சாப்பாடு எங்கள் பொறுப்பு என்பதால் அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. வாழை இலையில் சோறும் கோழிப் பிரட்டலும். குறை சொன்னவர் இல்லை.

பிற்பகலுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தச் சேவைக்கு நான் தரும் நல்ல மதிப்பெண் முழுவதும் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு உரியது. காலையில் பேசியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களோடு வந்திருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், பேச்சைக் கேட்டால் கெடா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று தெரிந்தது, நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லித் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை உங்களுக்கு என்னவெல்லாம் தடையாக இருந்தது?" இலக்கு எண்ணைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பேசுபவர் சொல்வதை அப்படியே எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, "இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று கேட்ட பிறகே அடுத்தவரிடம் போனார். எந்தக் குறிக்கோளின் கீழ் அது வரும் என்பதைப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அந்த வட்டத்தில் வந்தவை எல்லாம் பழைய கதைகள்தாம். ஆனால் முதல்முறையாக உரிய இடத்தில் போய் நின்றன. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு அறுபது வயதை எட்டிவிட்ட ஒருவர் எழுந்தார். பிறப்புப் பதிவு உட்படச் சட்டபூர்வ அடையாளம் எல்லோருக்கும் 2030க்குள் கிடைக்க வேண்டும் என்பது 16.9ஆம் குறிக்கோள் என்று மாணவி சொன்னதும், அந்த எண்ணை அவர் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டார். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய அச்சத்தைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். தண்ணீரைப் பற்றி அந்த மூத்த அம்மா முழுவதுமாகச் சொன்னார். தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசு அலுவலகம் நிருவாகத்தைக் காட்டுவதும், நிருவாகம் அரசு அலுவலகத்தைக் காட்டுவதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்ட முதலாளியின் கடமைகளை வரையறுக்கிறது என்பதை அங்கிருந்த ஓய்வு பெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர் எடுத்துச் சொன்னார். ஒரு சட்டம், ஓர் உலகக் குறிக்கோள், ஒரு லயத்துக் குழாய் ஆகிய மூன்றும் ஒரே தாளில் எழுதப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கீழிருந்து வரும் சான்றுக்கு என்ன வலிமை உண்டு என்பதற்கு எங்களுக்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு, இரண்டையுமே அந்த மாணவி நன்றாகச் சொன்னார். ஒன்று, வறுமைக் கோடு. 2016இல் நாட்டின் வறுமை வெறும் 0.4 விழுக்காடு என்று கணக்கு இருந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்பது அப்போதைய கோடு. அது நடப்புக்கு ஒவ்வாது என்று உள்ளூர் இயக்கங்களும் ஆய்வாளர்களும் சொல்லிவந்ததை, 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் வெளிப்படையாகச் சொன்னார். அரசாங்கம் முதலில் மறுத்தது. 2020 ஜூலையில் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. அதன்படி 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு ஆயிற்று. கோட்டை நகர்த்தியதால் யாரும் புதிதாக ஏழையாகிவிடவில்லை. இருந்தவர்கள் கணக்குக்குள் வந்தார்கள், அவ்வளவுதான். மற்றொன்று பாராகுவாட் என்னும் நச்சுக் களைக்கொல்லி. பெண்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் உரிமைக்காக இயங்கும் தெனகனிதா முதலிய அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பதிவு செய்து வெளியிட்ட அதே 2002இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் அது தளர்த்தப்பட்டது, 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுமையான தடை நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள். அந்த ஆறு பெண்களில் நான்கு பேர் அந்த ஆண்டுகள் முழுவதும் முதுகில் தோம்பு (மருந்துக் கலன்) சுமந்தவர்கள். தடை வந்தது தங்களைப் போன்றவர்கள் கொடுத்த வாக்குமூலத்தாலும்தான் என்பது அவர்களில் ஒருவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முப்பத்தொரு ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பால் கொட்டகையில் வாளியை இறக்கியதும் எடை போடுவார்கள், மெட்ரோலாக் மிதவையைப் பாலுக்குள் விட்டு ரப்பரின் அளவைப் பார்ப்பார்கள், கிராணி அதைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அம்மாவுக்குச் சீட்டு எதுவும் தரமாட்டார்கள். மாதக் கடைசியில் வரும் தொகை சரியா தவறா என்று பார்க்க அவரிடம் இருந்ததெல்லாம் அடுப்படிச் சுவரில் கரியால் போட்ட கோடுகள்தாம்.

அந்த அமைப்பின் தொகுப்பு ஏழு மாதங்களுக்குப் பிறகு மின்னஞ்சலில் வந்தது. ஆங்கிலத்தில் 60 பக்கம் இருந்தது. எங்கள் ஊரின் பெயர் பின்னிணைப்பில், கலந்தாய்வு நடந்த இடங்களின் பட்டியலில், எழுத்துப் பிழையோடு இருந்தது. உள்ளே புறநகர், தோட்டப்புற மக்கள் என்னும் தலைப்பில் நான்கு வரிகள்; பங்கேற்பாளர்கள் அடிப்படை வசதிகள் குறித்துக் கவலை தெரிவித்தனர் என்பது அவற்றுள் ஒன்று. நான்கு மணித் தண்ணீர் இல்லை, சிவப்பு அட்டை இல்லை, 446ஆம் சட்டம் இல்லை. ஸ்டிக்கர் எண்ணிக்கை மட்டும் வண்ண வரைபடமாக முழுப் பக்கத்தில் இருந்தது. மாணவி எழுதிய தாள்கள் என்ன ஆயின என்று கேட்டேன். அவை உள் ஆவணங்கள் என்று பதில் வந்தது.

இடம் போதாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாடு தன் அறிக்கையின் முக்கியச் செய்திகளை 700 சொற்களுக்குள் ஐ.நா.வுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கதை அந்த 700 சொற்களில் அடங்கும்போது எங்கள் லயத்துக்கு ஒரு சொல் கிடைத்தாலே பெரிது. நாங்கள் சொன்னதெல்லாம் அச்சில் வர வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. இது சேர்க்கப்பட்டது, இது வேறோர் ஊர்க் கருத்தோடு இணைக்கப்பட்டது, இது மாநில அரசு பார்க்க வேண்டியது என்பதால் அங்கே அனுப்பப்பட்டது, இது இந்தக் காரணத்தால் விடப்பட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் போதும். விடப்பட்டது என்று தெரிந்தால் நாங்களே வேறு கதவைத் தட்டுவோம். இந்த இலக்குகளைத் தொகுதி மட்டத்துக்கு இறக்குவதற்காக அமைந்த நாடாளுமன்ற அனைத்துக் கட்சிக் குழு ஒன்று இருக்கிறது. 2020இல் 10 தொகுதிகளில் தொடங்கிய அந்தப் பணியைப் போல, கேட்டதற்குப் பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்து ஏதேனும் ஒரு சிறு திட்டத்தையாவது செய்து பார்க்கும் வழிகள் நாட்டில் உண்டு என்பதையும் எங்களுக்குக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்.

பின்னூட்ட அமர்வு என்று இணையவழியில் ஒரு மணி நேரம் நடத்தினார்கள். எங்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். சங்க அறையில் ஒரு மடிக்கணினியின் முன் பதினொரு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது ஒலிவாங்கியை அவர்கள் பக்கத்தில் திறந்துவிடவில்லை. "நேரமாகிவிட்டது, எழுத்தில் அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினேன்.

எங்கள் ஊரில் இதை ஏற்றுக்கொள்வது கடினம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். கொடுத்த பணத்துக்குக் கையில் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளை இன்றும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு.

ஆகவே, கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அழையுங்கள், ஆனால் அவர்கள் சொல்லும் நிபந்தனைகளோடு உங்கள் நிபந்தனைகளையும் முன்வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலை ஸ்லைடை அரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்லி, நாற்காலி வட்டத்துக்கு நாள் முழுவதையும் கேளுங்கள். தமிழும் வங்காளமும் இந்தோனேசியமும் பேசத் தெரிந்தவர்களை அனுப்ப முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கோங்சி வீட்டுக்கு நீங்களே நேரில் போய் அழையுங்கள். அன்று எழுதப்படும் தாள்களின் நகல் அன்றே உங்கள் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த மாணவி இன்னும் அங்கே வேலை செய்கிறாரா என்றும் விசாரியுங்கள். செய்கிறார் என்றால் மற்றவர்கள் வராவிட்டாலும் குறையில்லை.

எங்கள் சங்கம் அவர்களை மீண்டும் அழைக்கத் தீர்மானித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அந்த மூத்த அம்மா இந்த முறை ஸ்டிக்கர் ஒட்ட வரமாட்டாராம். பேசுவதானால் வருகிறேன் என்றார். கடைத்தெருவில் எழுதுபொருள் கடையொன்றில், அடியில் நகல் விழும் ரசீதுப் புத்தகம் மூன்று வாங்கி வைத்திருக்கிறோம். ஒன்று நான்கு வெள்ளி ஐம்பது காசு. பேசுபவர் சொன்னது மேல் தாளில், அதே எழுத்து அடித் தாளில். மேல் தாள் அவர்களுக்கு. அடித் தாளைக் கிழித்துப் பேசியவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.